17 வயதில் கர்ப்பம்: கைநழுவும் முதல் 12 வாரம்

கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் ஒரு கர்ப்பிணியின் பெயர் 22-வது வாரத்தில்தான் முதன்முதலாக ஏறுகிறது என்றால், பெரும்பாலும் அதற்கு இரண்டே காரணம். வேலைக்காக வெளியூரில் இருந்துவிட்டு இப்போதுதான் ஊர் திரும்பியிருப்பார். இல்லாவிட்டால், ஆதாரில் இருக்கும் பிறந்த தேதி.

இரண்டாவது காரணம் எப்படி வேலை செய்கிறது என்பது ஊருக்கு ஊர் ஒரே மாதிரிதான். நாள் தள்ளிப்போனது வீட்டுக்குத் தெரியும். கடையில் கார்டு வாங்கிப் பார்த்தாயிற்று, இரண்டு கோடு வந்தாயிற்று. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் வயதைக் கேட்பார்கள், கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் அரசின் ‘பிக்மி’ எண் போட ஆதார் கேட்பார்கள், போலீஸ் வரும், மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அதனால் "பதினெட்டு முடியட்டும், அப்புறம் போய்க் காட்டிக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். வயிறு வெளியே தெரிந்து, அக்கம்பக்கத்தில் யாராவது கேட்ட பிறகுதான் வருகிறார்கள்.

பதின்வயதுக் கர்ப்பம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பிரசவ அறைதான். சின்ன இடுப்பு, கஷ்டமான பிரசவம், சிசேரியன். அதுவும் உண்டு. ஆனால் பெரிய இழப்பு பிரசவ அறைக்கு வெகு முன்பே, யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்த அந்த முதல் மூன்று மாதங்களில் நடந்துவிடுகிறது.

முதலில் தேதி. பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வராது. 40 நாள், 50 நாள் இடைவெளி சாதாரணம். அதனால் கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியை வைத்துக் கணக்குப் போட்டால் பல வாரம் பிசகலாம். 8 முதல் 13 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுத்தால் சிசுவின் தலை முதல் புட்டம் வரையிலான நீளத்தை அளந்து, ஒரு வாரத்துக்குள் துல்லியமாகத் தேதி சொல்லிவிடலாம். அதே ஸ்கேனை 24-வது வாரத்தில் எடுத்தால் இரண்டு வாரம் வரை முன்பின் ஆகும். இதனால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று தோன்றலாம். வயிற்றில் குழந்தை சின்னதாக இருக்கிறது என்று எட்டாம் மாதத்தில் தெரியவரும்போதுதான் சிக்கல் புரியும். வளர்ச்சி குன்றிய 36 வாரக் குழந்தையா, நன்றாக வளரும் 33 வாரக் குழந்தையா? முதலாவதாக இருந்தால் சீக்கிரம் வெளியே எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். இரண்டாவதாக இருந்தால் உள்ளேயே விட்டுவைக்க வேண்டும். முன்கூட்டியே வலி எடுத்தால் நுரையீரல் முதிர்ச்சிக்கு டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம் ஊசியை 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு முறை போட வேண்டும். தேதி தெரியாவிட்டால் இந்த முடிவு எல்லாமே குத்துமதிப்பு.

அடுத்தது ரத்த அழுத்தம். முன்சூல்வலிப்பு (கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி, முற்றினால் வலிப்பு வரை போகும் நிலை) வரும் வாய்ப்புள்ளவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பார்கள். 12-வது வாரத்தில், போனால் 16-வது வாரத்துக்குள் தொடங்கினால்தான் அதற்கு முழுப் பலன். 22-வது வாரத்தில் வரும் பெண்ணுக்கு அந்த வண்டி போய்விட்டது. கர்ப்பத்தைத் தொடர வேண்டாம் என்று அந்தப் பெண் நினைத்திருந்தால், பாதுகாப்பாகவும் எளிதாகவும் கலைத்திருக்கக்கூடிய காலமும் போயிற்று.

இனி, "எங்க பாட்டி பதினாலு வயசுல பெத்தா, பத்துப் புள்ள பெத்தா" என்ற வாதம். அந்தப் பாட்டி உயிரோடு இருந்ததால்தான் அவர் கதை நம்மிடம் வந்து சேர்ந்தது. தலைப்பிரசவத்தில் போன பெண்ணுக்குப் பேத்தி கிடையாது. அந்தப் பத்தில் எத்தனை தங்கியது என்றும் பாட்டியிடம் கேட்டுப் பார்க்கலாம்.

எண்ணிக்கையில் இது சின்ன விஷயமும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 19 வயதுப் பெண்களில் இந்திய அளவில் 6.8 சதவீதம் பேர் ஏற்கெனவே தாயானவர்கள் அல்லது கர்ப்பமாக இருந்தவர்கள். தமிழ்நாட்டில் 6.3. அதே கணக்கெடுப்பில், 20-24 வயதுப் பெண்களில் 18 நிறைவதற்குள் திருமணமானவர்கள் இந்தியாவில் 23.3 சதவீதம், தமிழ்நாட்டில் 12.8. பாதிக்குப் பாதியாக இருக்கும் இரண்டாவது எண்ணைக் காட்டிப் பெருமைப்படுகிறவர்கள் முதல் எண்ணில் நாம் தேசியச் சராசரியை ஒட்டி நிற்பதைப் பார்ப்பதில்லை. 18, 19 வயதில் சட்டப்படி மணமுடித்த கையோடு கர்ப்பமாகிறவர்களும் அதில் உண்டு. உடம்புக்குச் சட்டம் தெரியாது. 17 வயது 11 மாதத்துக்கும் 18-க்கும் அது வித்தியாசம் பார்ப்பதில்லை.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். இதெல்லாம் வயதால் வருவதா, வறுமையால் வருவதா? சின்ன வயதில் கர்ப்பமாகிறவர்கள் பெரும்பாலும் ஏழைகள், படிப்பை நிறுத்தியவர்கள், தாமதமாக ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள். அவற்றைக் கழித்துவிட்டால் வயதுக்கென்று தனியாக ஏதாவது மிஞ்சுகிறதா? அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இதைப் பிரித்துப் பார்த்து 1995-இல் ஆய்வு வெளியிட்டார்கள். திருமணமாகி, வயதுக்கேற்ற படிப்பும் ஒழுங்கான கர்ப்பகாலக் கவனிப்பும் இருந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அப்போதும் 13-17 வயதுத் தாய்மார்களுக்குக் குறைமாதப் பிரசவம் 20-24 வயதுக்காரர்களைவிட 1.9 மடங்கு, எடைக்குறைவான குழந்தை 1.7 மடங்கு. லத்தீன் அமெரிக்காவில் எட்டரை லட்சம் பிரசவங்களை அலசி 2005-இல் வந்த ஆய்வில், 15 வயதும் அதற்குக் கீழும் இருந்தவர்களுக்குத் தாய் இறப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆக, 16-க்குக் கீழே போகப் போக வயதே ஆபத்து. 18, 19-இல் வயதின் பங்கு குறைகிறது. சோகையும் தாமதமும் வறுமையும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

வயதால் மட்டும் குழந்தை எப்படி எடை குறையும்? அமெரிக்காவில் கேம்டன் நகரத்தில் பதின்வயதுக் கர்ப்பிணிகளின் முழங்கால் உயரத்தைக் கருவி வைத்து அளந்தார்கள். கர்ப்பத்தில் முதுகெலும்பு அமுங்கி மொத்த உயரம் சற்றுக் குறைவதால் உயரத்தை அளந்து வளர்ச்சியைக் கண்டுபிடிக்க முடியாது. முழங்காலுக்குக் கீழே அந்தத் தொல்லை இல்லை. இன்னும் வளர்ந்துகொண்டிருந்த பெண்கள் கர்ப்பத்தில் எடை நன்றாகவே ஏறினார்கள். ஆனால் அவர்களுடைய குழந்தைகள், வளர்ச்சி நின்ற பெண்களின் குழந்தைகளைவிடச் சுமார் 155 கிராம் குறைவாகப் பிறந்தன. ஏறிய எடையைத் தாயின் உடம்பே வைத்துக்கொண்டது. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் இளம் பெண்ஆடுகளை வைத்துச் செய்த சோதனைகள் இதைவிட வியப்பு. சினைக்காலத்தில் அளவுக்கு மிஞ்சித் தீனி போட்ட இளம் ஆடுகளுக்கு நஞ்சு (நஞ்சுக்கொடி) சிறுத்தது, குட்டிகள் முன்னதாகவும் எடை குறைந்தும் பிறந்தன. தீனி முழுவதும் தாயின் வளர்ச்சிக்குப் போய்விட்டது. ஆடு வேறு, மனுஷி வேறு. நம் ஊர்ப் பெண்களுக்கு மிஞ்சிய சாப்பாடும் பிரச்சினை இல்லை. ஆனால் இன்னும் வளரும் உடம்பில் சாப்பாடு முதலில் யாருக்குப் போகிறது என்ற கேள்விக்கு ஒரு விடை அங்கே இருக்கிறது. ஏழாம் மாதத்தில் கூட்டிவந்து "நல்லா சாப்பிடும்மா" என்று சொல்வதால் நஞ்சு புதிதாக வளர்ந்துவிடாது.

அதற்காகச் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்பவர்களையும் பார்க்கிறோம். "புள்ள பெருசா வளந்துட்டா ஆபரேஷன்தான்" என்று மாமியார் அரை வயிறு போடுவது இன்றைக்கும் நடக்கிறது. ஒரு முட்டை, ஒரு கைப்பிடி சுண்டல், இரண்டு டம்ளர் பால் என்று நாள்தோறும் கூடுதலாகச் சேர வேண்டிய இடம் அது. மேல்கையின் சுற்றளவு 23 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால், உயரம் 145-க்குக் கீழே இருந்தால், அந்தப் பெண்ணை ஆரம்பத்திலேயே தனியாகக் குறித்துக்கொண்டு கவனிக்க வேண்டும்.

சோகையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை. 7-க்குக் கீழே போனால் கடுமையான சோகை. ஒரு கர்ப்பம் முழுவதற்கும் ஏறக்குறைய 1000 மில்லிகிராம் இரும்பு தேவை. சிசுவுக்கும் நஞ்சுக்கும் 300, தாயின் கூடுதல் ரத்தத்துக்கு 500, அன்றாட இழப்புக்கு 200. வளரும் பெண்ணுக்குத் தன் தசைக்கும் ரத்தத்துக்கும் வேண்டியது இதற்கு மேல். ஆனால் அவர் தொடங்கும்போதே கையிருப்பு இல்லை. 15-19 வயது இந்தியப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்குச் சோகை என்கிறது அதே கணக்கெடுப்பு. பச்சரிசியை அள்ளி மெல்வது, விபூதியையும் சாம்பலையும் நக்குவது, ஐஸ்கட்டியைக் கடிப்பது இதெல்லாம் "மசக்கை ஆசை" என்று சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. இரும்பு தீர்ந்த உடம்பில் பல சமயம் முதலில் தெரிவது இதுதான்.

மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். நான்காம் மாதம் தொடங்கி தினம் ஒன்று, 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். சோகை இருந்தால் தினம் இரண்டு. ஒழுங்காக விழுங்கினால் மாதத்துக்குச் சுமார் 1 கிராம் ஏறும். இப்போது தாமதத்தின் கணக்கைப் பாருங்கள். 14-வது வாரத்தில் 8 கிராமோடு வந்த பெண் பிரசவத்துக்கு முன் 11-ஐத் தொட நேரம் இருக்கிறது. 32-வது வாரத்தில் 7.5-ஓடு வந்தால் மாத்திரையால் முடியாது. நரம்பு வழியாக இரும்பு ஏற்ற வேண்டும். அளவைக் கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு: எடையைக் குறைபாட்டால் பெருக்கி, அதை 2.4-ஆல் பெருக்கி, சேமிப்புக்காக 500 கூட்ட வேண்டும். 42 கிலோ எடை, 7.5-இலிருந்து 11-க்கு 3.5 குறைவு என்றால் 353, அதோடு 500. ஏறக்குறைய 850 மில்லிகிராம். அயர்ன் சுக்ரோஸ் ஒரு தடவைக்கு 200 என்று ஒருநாள் விட்டு ஒருநாள் ஏற்றினால் நான்கைந்து நாள் வந்துபோக வேண்டும். பஸ் இல்லாத ஊர்ப் பெண் மூன்றாம் முறையோடு நின்றுவிடுவார்.

மாத்திரை ஏன் குப்பைக்குப் போகிறது என்பதும் தெரிந்ததுதான். குமட்டும், மலம் கறுப்பாகப் போகும், வயிறு கட்டும். இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து எலுமிச்சைச் சாற்றோடு போட்டுக்கொண்டு படுத்துவிட்டால் குமட்டலில் பாதி தூக்கத்திலேயே போய்விடும். டீ, பால், கால்சியம் மாத்திரை எதையும் அதோடு சேர்க்கக் கூடாது. கால்சியம் 500 மில்லிகிராம் வீதம் காலையிலும் மதியமும் சாப்பாட்டோடு. பீட்ரூட்டும் மாதுளையும் ரத்த நிறத்தில் இருப்பதால் ரத்தம் ஊறாது. ஈரல், முட்டை, சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), எலுமிச்சை பிழிந்த முருங்கைக்கீரை அதைவிடப் பரவாயில்லை. அதுவும் மாத்திரைக்குத் துணைதான்.

பி.பி. பார்ப்பதிலும் சின்னப் பெண்களிடம் இரண்டு இடத்தில் கோட்டை விடுகிறோம். ஒன்று பட்டை. மெலிந்த கையில் அகலமான பெரிய பட்டையைச் சுற்றினால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். 146 இருக்கும் இடத்தில் 136 என்று எழுதிவிட்டு அனுப்பிவிடுவோம். இன்னொன்று, 140/90 என்ற கோடு. 17 வயதுப் பெண்ணுக்கு மூன்றாம் மாதத்தில் 90/60 இருந்திருக்கும். அவருக்கு எட்டாம் மாதத்தில் 130/86 என்றால் கோட்டைத் தாண்டவில்லை என்றாலும் அது பெரிய ஏற்றம். அடுத்த மாதம் வரச் சொல்லாமல் இரண்டு மூன்று நாளில் திரும்பப் பார்க்க வேண்டும், சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும். ஆனால் முதல் மாதங்களின் அளவே இல்லாதபோது எதோடு ஒப்பிடுவது? மறுபடியும் அதே 12 வாரம்.

முன்சூல்வலிப்பின் எச்சரிக்கை அறிகுறிகள்: தலைவலி, கண் மங்கல், நெஞ்சுக்குழியில் வலி, முகவீக்கம். மூன்றாவதை "கேஸ்" என்று சோடா வாங்கிக் கொடுப்பார்கள். ஜன்னி (வலிப்பு) கண்டுவிட்டால் வீட்டில் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மெக்னீசியம் சல்பேட் 10 கிராமை இரண்டு புட்டத்திலும் ஐந்தைந்தாகப் போட்டுவிட்டுத்தான் மேலே அனுப்ப வேண்டும். பதின்வயதுத் தாய்மார்களுக்கு இந்த ஜன்னியும், பிரசவத்துக்குப் பின் கருப்பையில் வரும் சீழ்த்தொற்றும் 20-24 வயதினரைவிட அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்கிறது.

பிரசவத்தைப் பொறுத்தவரை, பூப்பெய்திய ஓரிரு ஆண்டில் உயரம் ஏறக்குறைய நின்றுவிடும். இடுப்பெலும்பின் உள்வழி அதற்குப் பின்னும் சில ஆண்டு அகலமாகும். 14, 15 வயதில் தலை இறங்காமல் சிக்குவது இதனால்தான். ஆஸ்பத்திரி எட்டாத நாடுகளில் இது இரண்டு மூன்று நாள் வலியாக நீண்டு, குழந்தை இறந்து, சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே ஓட்டை விழுவதில் முடிகிறது. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் ஹாம்லின் தம்பதி 1974-இல் ஒரு முழு மருத்துவமனையே இதற்காகக் கட்ட வேண்டியிருந்தது. 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில் நடக்கும் தமிழ்நாட்டில் அது சிசேரியனாக முடிகிறது. உயிர் பிழைக்கிறது, ஆனால் 16 வயதுக் கருப்பையில் ஒரு தழும்பு. 17, 18 வயதில் இடுப்பு பெரும்பாலும் தடையாக இருப்பதில்லை. அங்கே தடையாக இருப்பது பயம். என்ன நடக்கும் என்று ஒருவரும் சொல்லித்தராத பெண் முதல் வலியிலேயே உடம்பை இறுக்கிக்கொள்கிறார். அதைப் பார்த்துக் கத்துகிற ஊழியர் வலியை இன்னும் நீட்டிக்கிறார்.

1.9 கிலோவில் பிறந்த குழந்தைக்கு முதல் வேலை வெப்பம். தாயின் மார்பில் தோலோடு தோலாக, தொப்பியும் காலுறையும் போட்டு, நாளெல்லாம். குடிக்கத் தெம்பில்லாவிட்டால் சீம்பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை; முதல் நாள் கிலோவுக்கு 60 மில்லி, அதாவது தடவைக்குச் சுமார் 10 மில்லி. அதற்கு மேல் சுரக்கவில்லையே என்று 17 வயதுத் தாய் அழுவார், பக்கத்தில் நிற்பவர் பவுடர் பால் வாங்க ஓடுவார். ஓட வேண்டாம், அந்த 10 மில்லிதான் தேவை. சேனை என்று தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாக்கில் வைக்க வேண்டாம். தொப்புள்கொடி விழுந்து எடை தேறும்வரை எண்ணெய் தேய்த்துக் குளிக்க ஊற்றுவதும் வேண்டாம். எடை குறைந்த குழந்தை அந்த ஐந்து நிமிடத்திலேயே குளிர்ந்துவிடும்.

இனி, வீடு பயப்படும் சட்டம். 2012 போக்சோ சட்டப்படி 18-க்குக் கீழே கர்ப்பம் என்று தெரிந்தால் மருத்துவர் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் அவர்மேல் வழக்கு. 2017 அக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்றம் 18-க்குக் கீழ்ப்பட்ட மனைவிக்கும் பாலியல் வன்முறைச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. தாலி கட்டிவிட்டோம் என்பது தப்பிக்கும் வழி இல்லை. அதே சமயம் 2022 செப்டம்பர் 29 தீர்ப்பு, கருக்கலைப்புக்கு வரும் சிறுமியோ பாதுகாவலரோ கேட்டுக்கொண்டால், போலீசுக்குப் போகும் தகவலில் அவரது பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் தர வேண்டியதில்லை என்றது. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கருக்கலைப்பு 24 வாரம் வரை அனுமதி. 20 வாரத்துக்கு மேல் இரண்டு மருத்துவர் கருத்து வேண்டும். பாதுகாவலரின் எழுத்துபூர்வச் சம்மதம் எந்த வாரமானாலும் வேண்டும். தகவல் கொடுக்கும் கடமை வேறு, சிகிச்சை வேறு. "போலீஸ் கடிதம் கொண்டு வா, அப்புறம் பார்க்கிறேன்" என்று திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை.

உதவித்தொகையிலும் ஒரு கோளாறு இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாய்க்கு 12 வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும், தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். சீக்கிரம் வரவைப்பதற்காகவே வைத்த தூண்டில் அது. சீக்கிரம் வர வேண்டிய தேவை யாருக்கு மிக அதிகமோ அவருக்கு அந்தத் தூண்டிலில் புழு இல்லை. குழந்தைத் திருமணத்துக்குப் பணம் கொடுத்ததாகிவிடும் என்பார்கள். 18,000-க்காக யாரும் பெண்ணைக் கட்டிக்கொடுப்பதில்லை.

கடைசியாக இரண்டாவது குழந்தை. ஸ்காட்லாந்தில் 2001-இல் வெளியான ஓர் ஆய்வு, புகைபிடிக்காத பதின்வயதுப் பெண்களின் முதல் பிரசவத்தில் பெரிய கூடுதல் ஆபத்து எதையும் காணவில்லை. ஆனால் 19 முடிவதற்குள் இரண்டாவதையும் பெற்றவர்களுக்கு மிகக் குறைமாதப் பிரசவமும் வயிற்றிலேயே இறப்பதும் இரண்டரை மடங்கு. நம் ஊரில் கல்யாணம், ஓராண்டில் ஒன்று, அடுத்த ஒன்றரை ஆண்டில் இன்னொன்று, 21-இல் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் என்பதுதான் பல பேருடைய வாழ்க்கை வரைபடம். இரும்பும் கால்சியமும் திரும்பிச் சேர இரண்டு ஆண்டாவது வேண்டும். சிசேரியன் ஆனவருக்குத் தழும்பு ஆறவும்தான்.

அந்த இடைவெளிக்கான வாய்ப்பு பிரசவித்த முதல் 48 மணி நேரத்தில் கையிலேயே இருக்கிறது: காப்பர்-டி. வேண்டாம் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தரா ஊசி, அல்லது முதல் மூன்று மாதம் வாரம் இருமுறையும் பிறகு வாரம் ஒருமுறையும் போடும் சாயா மாத்திரை. தாய்ப்பால் கொடுக்கும்வரை கரு தங்காது என்ற நம்பிக்கை, முழுக்கத் தாய்ப்பால் மட்டும், மாதவிலக்கு திரும்பவில்லை, ஆறு மாதத்துக்குள் என்ற மூன்றும் சேர்ந்திருந்தால்தான் செல்லும். ஒரு வேளை பவுடர் பால் என்று ஆனதும் கணக்கு உடைகிறது.

வார்டில் இவற்றில் எது வேண்டும் என்று கேட்டால் பெண் பதில் சொல்வதில்லை, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் மாமியார் சொல்கிறார், "அதெல்லாம் வீட்டுல பேசி முடிவு பண்ணிக்கிறோம் சிஸ்டர்." கேட்டுப் பழகிய செவிலியர்கள் அப்போதைக்கு விட்டுவிட்டு, அவர் டீ வாங்கக் கேண்டீனுக்குப் போகும் நேரத்தில் மறுபடி வந்து கட்டிலருகே நின்று, குரலைத் தாழ்த்தி, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்பார்கள்.